வீட்டுக்கு – ரூமனாங்: கண்டி மலாயரும் அவர்கள் மொழியும்

இரண்டு வருடங்களுக்கு முன் ஒரு நாள் பத்தாம் தர வகுப்பில் வேற்றுமை உருபுகளைப் படிப்பித்துக்கொண்டிருந்தேன். வீட்டை, வீட்டுக்கு, வீட்டில், வீட்டிலிருந்து என்று பலகையில் எழுதி முடித்த நேரம் பின் வாங்கிலிருந்து ஒரு பையன் எழும்பினான். மலாய்க் குடும்பத்துப் பிள்ளை.

"டீச்சர், எங்கட நேனே பேசுறதிலயும் இப்படித்தான் சொல்லுக்குப் பின்னால ஒட்டி ஒட்டி வருது" என்றான். நேனே என்றால் மலாயில் பாட்டி. எங்கட வழக்கில் உம்மும்மா.

"மலாய் வேற மொழிக் குடும்பம் மகன். அதில உருபு இல்ல. சொல்லுக்கு முன்னாலதான் வரும். இரிங்க" என்று சொல்லி அவனை இருத்திவிட்டேன்.

நான் சொன்னது பிழையான தகவல் அல்ல. பல்கலைக்கழகத்தில் தமிழைச் சிறப்புப் பாடமாகப் படித்த காலத்தில் மொழியியல் வகுப்பில் கேட்டதைத்தான் சொன்னேன். கோலாலம்பூரில் பேசப்படும் மலாய்க்கு அது பொருந்தும். ஆனால் அந்தப் பையன் கோலாலம்பூர் மலாயைப் பற்றிச் சொல்லவில்லை. தன் நேனே பேசும் மலாயைப் பற்றிச் சொன்னான். அதைப் பொறுத்தவரை அவன் சொன்னதுதான் சரி. பிழை என் மேல். அந்தப் பிழையைத் திருத்திக்கொள்ளத் தேடியதில் கிடைத்தவற்றையே இக்கட்டுரையில் தொகுத்துத் தருகிறேன்.

கண்டி, கம்பளை, நாவலப்பிட்டி, பதுளை, குருநாகல் பகுதிகளில் மலாயர் நம்மோடு ஒரே பள்ளியில் தொழுகிறார்கள். நம் வீட்டுக் கலியாணங்களுக்கு வருகிறார்கள். சம்பந்தம் செய்தவர்களும் பலர். அப்படியிருந்தும் அவர்களைப் பற்றிக் கேட்டால் நம்மில் பெரும்பாலானோருக்குச் சொல்லத் தெரிந்தது "வட்டலப்பம்" என்ற ஒரு சொல்தான்.

இங்கு வந்த வழி

தமிழ் இலக்கியம் படித்தவர்களுக்குச் "சாவகம்" புதிய பெயரல்ல. மணிமேகலையில் சாவக நாடு வருகிறது. 13ஆம் நூற்றாண்டில், தம்பதெனிய காலத்தில், தென்கிழக்காசியாவிலிருந்து சந்திரபானு என்ற சாவக மன்னன் இலங்கை மீது படையெடுத்தான். சாவகச்சேரி என்ற ஊர்ப்பெயரை இதனோடு தொடர்புபடுத்துவோரும் உண்டு. ஆனால் இன்றைய மலாயரின் வரலாறு அந்தப் பழைய படையெடுப்பிலிருந்து தொடங்குவதல்ல. அது ஒல்லாந்தர் காலத்தில் தொடங்குகிறது.

17ஆம், 18ஆம் நூற்றாண்டுகளில் ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பனியின் கிழக்குத் தலைமையகம் பத்தாவியா, அதாவது இன்றைய ஜகார்த்தா. கம்பனி இலங்கையின் கரையோரத்தைப் பிடித்தபோது அங்கிருந்து மூன்று வகையான மக்களை இங்கு கொண்டுவந்தது. முதலாவது படைவீரர். இரண்டாவது அடிமைகளும் தண்டனை பெற்ற கைதிகளும். மூன்றாவது நாடுகடத்தப்பட்ட அரசர்களும் ஆலிம்களும்.

இந்த மூன்றாவது வகையினரில் பெரும் பெயர்கள் உள்ளன. மக்காசரைச் சேர்ந்த ஷெய்கு யூசுப், 1684இல் இலங்கைக்கு நாடுகடத்தப்பட்டார். இங்கிருந்தபடியே நூல்கள் எழுதினார். 1694இல் தென்னாபிரிக்காவின் கேப் பகுதிக்கு அனுப்பப்பட்டு அங்கேயே மௌத்தானார். அங்குள்ள முஸ்லிம்கள் இன்றும் அவரைத் தம் முன்னோடியாகப் போற்றுகிறார்கள். யாவாவின் மதராம் அரசர் மூன்றாம் அமங்குராத் 1708இல் இங்கு கொண்டுவரப்பட்டார். மக்காசர்ப் பகுதியின் கோவா அரசைச் சேர்ந்த சுல்தான் பக்ருத்தீன் 1767இல் வந்தார். இந்தக் கோவா இந்தியாவின் கோவா அல்ல. இந்தோனேசியாவின் சுலவேசித் தீவில் உள்ளது.

யாவா, மதுரா, பாலி, அம்பொன், சுலவேசி என்று பல தீவுகளிலிருந்து வந்த இவர்களுக்குப் பொதுத் தாய்மொழி ஒன்று இருக்கவில்லை. துறைமுகங்களிலும் சந்தைகளிலும் எல்லோருக்கும் விளங்கிய பேச்சு மலாய் மட்டுமே. இலங்கையில் அதுவே அவர்களைச் சேர்த்துப் பிடித்தது. ஒல்லாந்தர் இவர்களை யாவாக்காரர் என்றே எழுதினர். சிங்களத்தில் இன்றும் "ஜா" என்பர். ஆங்கிலேயர்தான் மொழியைக் கொண்டு மலாயர் என்று அழைத்தனர். ஆக, மலாயர் என்ற இந்தச் சமூகத்தை ஒரு சமூகமாக்கியவை இரண்டு: ஒன்று இஸ்லாம், மற்றது மொழி. இந்த இரண்டில் ஒன்று இப்போது நழுவிப் போகிறது என்பதுதான் கவலை.

கண்டி அரண்மனையில் இரு சகோதரர்

மலைநாட்டில் மலாயரின் கதை ஆங்கிலேயருக்கு முன்பே தொடங்கிவிட்டது. ஒல்லாந்தப் படையை விட்டு ஓடிவந்த மலாய் வீரர்கள் கண்டி மன்னரிடம் சேவகம் செய்தனர். ஒரு பக்கம் ஒல்லாந்தருக்காகப் போரிட்ட மலாயர், மறுபக்கம் கண்டிக்காகப் போரிட்ட மலாயர். 1803இல் இந்த நிலைமை ஒரு குடும்பத்தையே இரண்டாகப் பிளந்தது.

அந்த ஆண்டு பெப்ரவரியில் ஆங்கிலேயர் கண்டி நகரைப் பிடித்து ஒரு காவற்படையை நிறுத்தினர். அதில் மலாய் வீரர் பெருந்தொகையினர். அவர்களது தளபதிகளில் ஒருவர் கப்டன் நூருத்தீன், கோவா அரச வம்சத்தவர். ஜூன் மாதம் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கனின் படை நகரைத் திரும்பத் தாக்கியது. மன்னரின் மலாய்ப் படைக்குத் தலைமை தாங்கி வந்தவர் சங்குங்ளோ. அவர் நூருத்தீனின் உடன்பிறந்தவர். அரண்மனை வளவில் நடந்த சண்டையில் சங்குங்ளோ கொல்லப்பட்டார். ஆங்கிலேயர் சரணடைந்தனர்.

மன்னர் நூருத்தீனையும் அவரோடிருந்த மற்றொரு சகோதரரையும் அழைத்து, தம் சேவையில் சேரும்படி கேட்டார். ஏற்கெனவே ஓர் அரசருக்குச் சத்தியம் செய்துவிட்டோம் என்று இருவரும் மறுத்தனர். கொல்லப்பட்டனர். எந்தப் பக்கம் நியாயம் என்று தீர்ப்புச் சொல்ல இதை எழுதவில்லை. தலதா மாளிகையைச் சுற்றி நாம் தினமும் நடக்கும் மண்ணில், மூன்று மலாய்ச் சகோதரர் இரண்டு அரசர்களுக்காக உயிர் விட்டிருக்கிறார்கள். இது எந்தப் பாடப்புத்தகத்திலும் எங்கள் பிள்ளைகளுக்குச் சொல்லப்படுவதில்லை.

ரெஜிமென்ட் வாழ்க்கை

ஆங்கிலேயர் மலாயரைக் கொண்டு அமைத்த படை, 1827 முதல் இலங்கை ரைபிள் படை என்று பெயர் பெற்றது. சிங்கப்பூர் முதலிய இடங்களிலிருந்தும் ஆள் சேர்த்தனர். கொழும்பு கொம்பனித்தெரு, கண்டி, பதுளை, குருநாகல், திருகோணமலை என்று படை நின்ற ஊர்களிலெல்லாம் மலாய்க் குடியிருப்புகள் உருவாயின. இலங்கை மலாயர் வரலாற்றை ஆழமாக ஆராய்ந்த பேராசிரியர் பி. ஏ. ஹுஸைன்மியா தம் நூல் ஒன்றுக்கு "ஒராங் ரெஜிமென்" என்றே பெயரிட்டார். "ரெஜிமென்ட் மனிதர்" என்பது அதன் பொருள்.

1873இல் அந்தப் படை கலைக்கப்பட்டது. வீரர்கள் பொலிஸ், சிறைச்சாலை, தீயணைப்பு, தோட்டத்துறை என்று பல வேலைகளுக்குப் போயினர். போகம்பறைச் சிறைச்சாலை கட்டப்பட்டது 1876இல். எங்கள் வாப்பாமார் காலத்தில்கூட "ஜெயிலர்" என்றால் மலாய்க்காரர் என்றுதான் கண்டியில் நினைப்பார்களாம். உத்தியோகம் மாறியது, மொழிக்கு வீடாக இருந்த படைமுகாம் கலைந்தது. மொழி பிறகு குடும்பங்களின் கைக்கு வந்தது.

இந்தச் சமூகத்திலிருந்து வந்தவர்தான் மர்ஹூம் ரீ. பி. ஜாயா. 1890இல் கண்டி மாவட்டத்துக் கலகெதரையில் பிறந்தவர். 1921 முதல் 1948 வரை கொழும்பு ஸாஹிறாவின் அதிபர். சுதந்திர இலங்கையின் முதலாவது அமைச்சரவையில் இடம்பெற்றவர். 1960இல் மதீனாவில் மௌத்தானவர். முஸ்லிம் கல்வியின் தந்தை என்று அவரை நாம் உரிமை கொண்டாடுகிறோம், சரிதான். ஆனால் "துவான் புர்ஹானுத்தீன்" என்ற அவர் பெயரின் முதற்சொல் மலாய் என்பதை என் மாணவர்களில் ஒருவரும் அறிந்திருக்கவில்லை. மலாய் ஆண்கள் பலரின் பெயருக்கு முன் வரும் "துவான்" என்பது மலாயில் ஐயா, பெருமகன் என்று பொருள்படும்.

சொல் மலாய், கட்டு தமிழ் போல

இனி அந்தப் பையன் சொன்ன விஷயத்துக்கு வருவோம். மலாய் மொழியில் வீடு "ரூமா". மலேசியாவில் "கெ ரூமா" என்றால் வீட்டுக்கு. "டி ரூமா" என்றால் வீட்டில். "டாரி ரூமா" என்றால் வீட்டிலிருந்து. எல்லாம் சொல்லுக்கு முன்னால் வருகின்றன. நான் வகுப்பில் சொன்னது இதைத்தான்.

கண்டி மலாயர் பேச்சில் வீட்டுக்கு என்பது "ரூமனாங்". வீட்டில் என்பது "ரூமக". வீட்டிலிருந்து என்பது "ரூமடெரிங்". நாங், க, டெரிங் எல்லாம் பெயருக்குப் பின்னால் ஒட்டி நிற்கின்றன. நன்னூல் படித்த எவரும் இவற்றை உருபு என்றே சொல்வார்கள். தமிழ் எழுத்தில் இந்த ஒலிகளை ஏறக்குறையத்தான் காட்ட முடியும் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

வாக்கிய ஒழுங்கும் அப்படியே மாறியிருக்கிறது. மலேசியாவில் "சாயா மாக்கான் நாசி": நான், சாப்பிடு, சோறு. இங்கு "செ நாசி சுமாக்கங்": நான் சோறு சாப்பிட்டேன். வினை கடைசிக்கு வந்துவிட்டது. அங்கு "ரூமா சாயா", அதாவது வீடு நான். இங்கு "செப்பெ ரூமா", என்ட வீடு.

எனக்கு மிகவும் வியப்பூட்டியது இதுதான். தமிழில் "நான் தெரியாது" என்று சொல்வதில்லை, "எனக்குத் தெரியாது" என்கிறோம். அறிபவர் நான்காம் வேற்றுமையில் வருகிறார். மலேசிய மலாயில் "சாயா திடாக் தாஹு", அதாவது நான் என்ற எழுவாய்தான். கண்டி மலாயில் "செடாங் தரத்தாவு". செடாங் என்றால் எனக்கு. எனக்குத் தெரியாது!

இன்னும் உண்டு. "சோறு சாப்பிட்டு வீட்டுக்குப் போனேன்" என்ற வாக்கியத்தில் "சாப்பிட்டு" வினையெச்சம். இந்த மலாயிலும் அதற்கென்று ஒரு வடிவம் இருக்கிறது: "நாசி அசமாக்கங், ரூமனாங் சுபீ". "வருவதாக", "வருகிறார் என்று" என்ற இடங்களில் நாம் "என்று" போடுகிறோமே, அதன் இடத்தில் அவர்கள் "கதா" போடுகிறார்கள். சொல், பேச்சு என்று பொருள்படும் பழைய மலாய்ச் சொல் இங்கே நம் இடைச்சொல்லின் வேலையைச் செய்கிறது. தமிழின் "உம்"முக்கு "லே". "தான்" என்ற தேற்றத்துக்கு "ஜோ".

ஒன்றைக் கவனியுங்கள். சொற்களில் பெரும்பகுதி மலாய்தான். தமிழ்ச் சொற்கள் வெள்ளமாக வந்து புகுந்துவிடவில்லை. வீட்டின் கல்லும் மரமும் அவர்களுடையவை. அறைகளை அமைத்த முறைதான் இந்த நாட்டினுடையது. உலகில் மொழிகள் கலந்ததற்கு உதாரணங்கள் ஏராளம். ஆனால் சொல்லை வைத்துக்கொண்டு இலக்கணத்தை இவ்வளவு தூரம் மாற்றிக்கொண்ட மொழிகள் குறைவு. அதனால்தான் வெளிநாட்டு மொழியியலாளர் பலர் இதைத் தேடி வந்தனர். செபஸ்தியன் நோர்டொஃப் என்பவர் மலைநாட்டு மலாய்க்கென்றே முழு இலக்கண நூல் எழுதி 2009இல் ஆம்ஸ்டர்டாம் பல்கலைக்கழகத்தில் கலாநிதிப் பட்டம் பெற்றார். கண்டியில் உள்ள எங்களுக்கு அப்படி ஒரு நூல் இருப்பதே தெரியாது.

காரணம் தமிழா, சிங்களமா?

இந்த மாற்றம் எப்படி நேர்ந்தது? ஆய்வாளரிடையே இதில் விவாதம் உண்டு. ஒரு சாரார் சோனகத் தமிழைக் காரணம் காட்டுகின்றனர். மலாய் வீரரும் சோனகரும் ஒரே மார்க்கத்தவர், ஒரே ஷாபிஈ மத்ஹபினர். பள்ளியில் பயான் தமிழில் நடந்தது. வீரர்கள் பலர் சோனகப் பெண்களை மணந்தனர். அப்படிப்பட்ட வீடுகளில் உம்மாவின் தமிழும் வாப்பாவின் மலாயும் கேட்டு வளர்ந்த பிள்ளைகள் மலாய்ச் சொற்களைத் தமிழ் ஒழுங்கில் கோத்தனர் என்பது இவர்களின் வாதம்.

மறுசாரார், அப்படியான கலியாணங்கள் மொழியையே மாற்றுமளவுக்கு நடந்தன என்பதற்குச் சான்று போதாது என்கின்றனர். சிங்களமும் மலாயரைச் சுற்றி இருந்தது. சிங்களத்திலும் வினை கடைசியில்தான் வரும், உருபு பின்னால்தான் ஒட்டும் என்பது அவர்கள் பதில். நியாயமான பதில். தமிழும் சிங்களமும் வெவ்வேறு குடும்பத்து மொழிகள் என்றாலும், இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு மேல் பக்கத்துப் பக்கத்தில் இருந்ததில் இலக்கணத்தில் ஒன்றையொன்று ஒத்துவிட்டன. ஆகவே எது எங்கிருந்து வந்தது என்று பிரித்துக் காட்டுவது லேசான காரியமல்ல.

தமிழ் ஆசிரியை என்ற முறையில் முதலாவது கருத்தைக் கேட்கும்போது மனதுக்கு இனிப்பாகத்தான் இருக்கிறது. ஆனால் இனிப்பாக இருப்பது ஒரு சான்றாகாது. தமிழுக்குப் பங்கு உண்டு என்பதை இரு சாராரும் மறுக்கவில்லை. எவ்வளவு பங்கு என்பதில்தான் பேச்சு. அந்த அளவில் நிறுத்திக்கொள்வதே நேர்மை.

குண்டுல் எழுத்தும் பத்திரிகையும்

நம் முன்னோர் தமிழை அரபெழுத்தில் எழுதி அதற்கு அரபுத்தமிழ் என்று பெயரிட்டது வாசகர் அறிந்ததே. மலாயரும் தம் மொழியை அரபெழுத்தில் எழுதினர். மலேசியாவில் ஜாவி எனப்படும் அந்த எழுத்தை இலங்கையில் "குண்டுல்" என்பர். படைமுகாம்களில் இருந்தபடியே ஹிக்காயத் எனப்படும் உரைநடைக் கதைகளையும் ஷாயிர் எனப்படும் பாடல்களையும் கையால் எழுதிப் பிரதி எடுத்தனர். துப்பாக்கி பிடித்த கையில் பேனாவும் இருந்திருக்கிறது.

1869இல் பாபா யூனுஸ் சல்டின் என்பவர் கொழும்பிலிருந்து "அலாமத் லங்காபுரி" என்ற மலாய்ப் பத்திரிகையைக் குண்டுல் எழுத்தில் வெளியிட்டார். உலகின் மிகப் பழைய மலாய்ப் பத்திரிகைகளில் அது ஒன்று. நம் கண்டி மண்ணின் மைந்தர் சித்திலெப்பை "முஸ்லிம் நேசன்" தொடங்கியது 1882இல். அதற்குப் பதின்மூன்று வருடம் முந்தியே மலாயர் பத்திரிகை கண்டுவிட்டனர். 1895இல் "வஜா செலோங்" என்ற இன்னொன்றையும் சல்டின் நடத்தினார். செலோங் என்பது மலாயில் இலங்கைக்குப் பெயர்.

இரு சமூகத்துக்கும் பொதுவான நூல்களும் உண்டு. 1572இல் அரங்கேறிய வண்ணப் பரிமளப் புலவரின் "ஆயிரம் மசலா", நமக்கு இன்று முழுமையாகக் கிடைக்கும் தமிழ் முஸ்லிம் இலக்கியங்களில் மிகப் பழையது. அப்துல்லாஹ் இப்னு சலாம் நபி (ஸல்) அவர்களிடம் கேட்ட வினாக்களும் விடைகளும் அதன் பொருள். அதே நூல் மலாயிலும் யாவா மொழியிலும் இருக்கிறது. அரபு, தமிழ், மலாய், யாவா என்று ஒரே கதை கடல் கடந்து நடந்த பாதையை ரொனித் ரிச்சி என்ற ஆய்வாளர் ஒரு நூலாகவே எழுதியிருக்கிறார். அவரே இலங்கை மலாயரின் கையெழுத்துப் பிரதிகளைத் தேடி, பிரித்தானிய நூலகத்தின் திட்டமொன்றின் கீழ் பட எடுத்துப் பாதுகாத்தவர்.

சமையலறையும் சந்தையும்

பெருநாளென்றால் வட்டலப்பம் இல்லாத முஸ்லிம் வீடு இலங்கையில் உண்டா? கித்துள் கருப்பட்டி, தேங்காய்ப் பால், முட்டை, ஏலம். இதை நமக்குத் தந்தவர்கள் மலாயர் என்பது பொதுவான நம்பிக்கை. மலாய் நாடுகளில் ஸ்ரீகாயா என்று இதன் உறவான பண்டம் உண்டு. ஆனால் வட்டலப்பம் என்ற பெயர் அங்கு இல்லை. "வட்டில் அப்பம்" என்று பிரித்துத் தமிழ்ப் பெயர் என்பார்கள். அப்படியானால் பண்டம் அவர்களுடையது, பெயர் நம்முடையது. அவர்கள் மொழியில் நடந்ததன் மறுபக்கம் இது.

தேங்காய்ச் சம்பல், அச்சாறு, தொதல் எல்லாவற்றுக்கும் மலாய் உலகோடு உறவுண்டு. சம்பல் மலாய்ச் சொல். நாம் உடுக்கும் சாரம் அவர்களின் "சாரோங்". கண்டிச் சந்தையில் ஜூலையில் குவியும் றம்புட்டானில் "ரம்புட்" என்பது மயிர். தோலைப் பார்த்தால் காரணம் விளங்கும். மறுபக்கம், மலாயில் உள்ள "காப்பால்" நம் கப்பல். "கெடாய்" நம் கடை. "செருத்து" நம் சுருட்டு. "மஹ்லிகை" நம் மாளிகை. இச்சொற்களில் பல இலங்கை மலாயர் பிறப்பதற்கு நெடுங்காலம் முன்பே நம் வணிகரோடு அங்கு போனவை.

மார்க்கச் சொற்களில் அவர்கள் நோன்பை "புவாசா" என்பர். பெருநாளை "லுபாரங்" என்பர். "ஸலாமத் லுபாரங்" என்று ஒரு மலாய் வீட்டு வாசலில் இம்முறை சொல்லிப் பாருங்கள். உள்ளேயிருக்கும் வயதானவர்களின் முகம் மலரும்.

இன்னொரு தீவின் கணக்கு

இவ்விடத்தில் தூரத்துத் தீவு ஒன்றை நினைக்க வேண்டியிருக்கிறது. மத்தியதரைக் கடலில் இத்தாலிக்குச் சொந்தமான சார்டினியா. பரப்பில் இலங்கையின் மூன்றிலொரு பங்குக்குச் சற்று மேல். மக்கள் சுமார் 16 இலட்சம். 1015இல் ஸ்பெயினின் தெனியாவிலிருந்து முஸ்லிம் மன்னர் முஜாஹித் அதன் மீது படையெடுத்துச் சென்றார் என்பது நம் வாசகருக்கு ஆர்வமூட்டலாம். அங்கே அல்கேரோ என்ற பட்டினத்தில் 1354இல் கத்தலான் மொழிக்காரரைக் கொண்டுவந்து குடியேற்றினர். கடல் கடந்து வந்த அவர்களின் பேச்சு அறுநூற்றைம்பது வருடம் தாண்டியும் அங்கு இன்னும் முற்றாக மறையவில்லை.

அத்தீவின் சொந்த மொழி சார்டு. இலத்தீனிலிருந்து பிறந்து, அதன் பழமையைப் பெரிதும் காத்த மொழி என்பர். ஆனால் பாடசாலையும் அலுவலகமும் இத்தாலியில் நடந்ததால் பெற்றோர் பிள்ளைகளோடு இத்தாலியே பேசத் தொடங்கினர். 1926ஆம் ஆண்டுக்கான நோபல் பரிசு பெற்ற கிரட்சியா தெலெத்தா சார்டினியப் பெண்மணிதான். அவரது கதைகள் முழுக்கத் தீவின் வாழ்க்கை. எழுதியதோ இத்தாலியில். 1999இல் இத்தாலி ஒரு சட்டம் இயற்றி சார்டு உட்படப் பன்னிரண்டு சிறுபான்மை மொழிகளை அங்கீகரித்தது. 2006இல் அரச ஆவணங்களுக்கென ஒரு பொது எழுத்து வழக்கையும் உருவாக்கினர். உடனே சண்டை. "இது எங்கள் ஊர்ச் சார்டு இல்லை" என்று பலர் முறையிட்டனர்.

இலட்சக்கணக்கானோர் பேசும் ஒரு மொழிக்கே இந்த நிலை. இலங்கையில் மலாயர் 2012ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்படி நாற்பதாயிரத்தைச் சற்றுத் தாண்டியவர்கள்தான். மொத்தச் சனத்தொகையில் நூற்றுக்கு ஐந்திலொரு பங்கு. அவர்கள் எல்லோரும் மலாய் பேசுபவர்களும் அல்லர்.

"எங்கட பாஷை உடைஞ்ச பாஷையாம்"

அந்தப் பையனின் நேனேயைப் பார்க்க ஒரு பெருநாளைக்கு மறுநாள் போனேன். வகுப்பில் நடந்ததைச் சொன்னேன். சிரித்தார்.

"அவன் பேசமாட்டான் டீச்சர். நான் மலாயில கேட்டா சிங்களத்தில மறுமொழி செல்லுவான். அவண்ட வாப்பாவும் நானும் பேசுவம். உம்மா சோனகப் புள்ள, அவவோட தமிழ். அதிலயே முடிஞ்சி" என்றார்.

பிள்ளைக்கு ஏன் பழக்கவில்லை என்று கேட்டேன்.

"பழக்கி என்ன செய்ய? இஸ்கூலுக்கு ஒதவாது, வேலைக்கு ஒதவாது. மலேசியாவால வந்த ஒரு ஆள் ஒருக்கா நாங்க பேசுறதக் கேட்டுட்டு, இது உடைஞ்ச மலாய் எண்டு செல்லிட்டார். அதுக்குப் பொறகு எனக்கே வெக்கம்."

மொழி மறைவதற்குரிய இரண்டு காரணங்களையும் அவர் ஒரே மூச்சில் சொல்லிவிட்டார். ஒன்று பயன் இல்லை என்ற எண்ணம். சிங்களம், தமிழ், ஆங்கிலம் மூன்றும் படிக்க வேண்டிய பிள்ளைக்கு நான்காவது மொழி சுமை என்று பெற்றோர் நினைக்கின்றனர். மற்றது வெட்கம். மலேசிய, இந்தோனேசிய மலாயைப் படிப்பிக்கும் வகுப்புகள் இடைக்கிடை நடக்கின்றன. நல்ல முயற்சிதான். ஆனால் அங்கு போகும் பிள்ளை தன் நேனேயின் பேச்சுப் பிழையானது என்ற எண்ணத்தோடு திரும்பி வருமானால், சேர்ந்ததைவிடப் போனது அதிகம். "ரூமனாங்" பிழையல்ல. அது முந்நூறு வருடம் இந்த நாட்டில் வாழ்ந்து கிடைத்த வடிவம்.

இந்த வெட்கம் நமக்கும் புதிதல்ல. "இரிக்கி", "செல்லுங்க", "ஏலா" என்று நாம் பேசும் தமிழைக் கொச்சை என்று சொன்னவர்கள் இருந்தார்கள். சொன்னதைக் கேட்டு நம் பேச்சை மறைத்த ஆசிரியர்களில் நானும் ஒருத்தி. அந்தப் பையனை இருத்திய அன்று நான் செய்ததும் அதே வேலைதான் என்று பிறகுதான் உறைத்தது.

அம்பாந்தோட்டை மாவட்டத்தின் கிரிந்தை மீனவ ஊரில் பிள்ளைகள் இன்னும் மலாயையே முதல் மொழியாகப் பேசி வளர்கிறார்கள் என்று ஆய்வாளர் எழுதியிருக்கின்றனர். காரணம், அங்கே தெருவிலும் விளையாட்டிலும் அந்த மொழிதான். கண்டி போன்ற நகரத்தில் அப்படியொரு மலாய்த் தெரு இல்லை. இங்கு மொழி வீட்டுக்குள் மட்டுமே வாழ முடியும். வீட்டுக்குள்ளும் நின்றுவிட்டால் வேறு இடமில்லை.

நாம் செய்யக்கூடியது பெரிய காரியங்கள் அல்ல. மலாய் வீட்டுப் பிள்ளைகள் தம் நேனேயும் காக்கேயும் பேசுவதைக் கைத்தொலைபேசியில் பதிவு செய்து வைக்கலாம். அலுமாரியில் கிடக்கும் பழைய குண்டுல் ஏடுகளை "ஓதத் தெரியாத கிதாபு" என்று கடலில் விடாமலும் எரிக்காமலும் பல்கலைக்கழகத்துக்கோ சுவடிகள் திணைக்களத்துக்கோ காட்டலாம். நம் பாடசாலைகளின் மீலாத் விழாக்களில் அரபு, தமிழ், சிங்களம், ஆங்கிலம் என்று நிகழ்ச்சி வைக்கும்போது ஐந்து நிமிடம் மலாய்க்கும் ஒதுக்கலாம். தமிழ் படிப்பிக்கும் நாங்கள் வேற்றுமைப் பாடத்தில் ஒரு வரி கூடுதலாக எழுதலாம்.

நான் எழுதத் தொடங்கிவிட்டேன். இவ்வருடம் பத்தாம் தரத்தில் "வீட்டுக்கு" என்று எழுதி, பக்கத்தில் "ரூமனாங்" என்று எழுதினேன். அந்தப் பையன் இப்போது உயர்தர வகுப்பில் இருக்கிறான். இந்த வகுப்பில் வேறொரு மலாய்ப் பிள்ளை இருக்கிறாள். பலகையைப் பார்த்ததும் அவள் சிரித்துவிட்டாள்.

"எங்கட வாப்பா வீட்டு நேனே அப்படித்தான் செல்லுவாங்க டீச்சர்."

"நீங்க?" என்று கேட்டேன்.

கொஞ்சம் யோசித்தாள். "எனக்கு விளங்கும் டீச்சர்" என்றாள்.